வெளிநாட்டுப் பொதியில் வரும் நியசின் குளிசை: சத்தா, மருந்தா?

புலம்பெயர் நாடுகளிலிருந்து ஊருக்கு வரும் பொதிகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சொக்லேட், வாசனைச் சவர்க்காரம், பிள்ளைகளுக்கான உடுப்பு ஆகியவற்றோடு இப்போது விற்றமின் போத்தல்களும் வருகின்றன. கனடாவிலும் இலண்டனிலும் வைத்தியரின் துண்டு இல்லாமலே கடையில் எடுக்கக்கூடியவை அவை. அம்மாவுக்கு உடம்பு உளைவு, அப்பாவுக்குக் கொலஸ்ரோல் கூட என்று தொலைபேசியில் கேட்ட பிள்ளைகள் அக்கறையோடு வாங்கி அனுப்புகிறார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வெளிநாட்டிலிருந்து மருந்து எடுப்பிக்கும் பழக்கம் பல வீடுகளுக்குப் பழகிப்போனது.

போருக்குப் பின்னரான உடல்நலம் பற்றி எழுதுவதற்காகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் வீடுகளுக்குச் சென்று பேசியபோது, இந்தப் போத்தல்களில் நான் கண்ட பெயர்களில் ஒன்று நியசின். அறுபது வயது கடந்த ஓர் அம்மா, மகள் அனுப்பிய 500 மில்லிகிராம் நியசின் குளிசையை வெறும் வயிற்றில் போட்ட கதையைச் சொன்னார்.

"அரை மணித்தியாலத்தில முகம், கழுத்து, நெஞ்செல்லாம் நெருப்புப் பத்தின மாதிரி எரிஞ்சது பிள்ளை. செத்துப்போகப் போறன் எண்டுதான் நினைச்சன். சத்துக் குளிசை எண்டுதானே அவள் சொன்னவள். சத்து எண்டால் ஏன் இப்பிடி எரியுது?"

அவருடைய கேள்வி நியாயமானது. அவர் விழுங்கியது சத்தின் அளவு அல்ல, மருந்தின் அளவு. வளர்ந்த ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவையான நியசின் 14 மில்லிகிராம் மட்டுமே. அந்த ஒரு குளிசையில் அதைப்போல 35 மடங்குக்கு மேல் இருந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் இக்குளிசையைப் போடுகிறார்கள். சிலர் இதை நம்பி கிளினிக்கில் தந்த மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நியசின் என்பது என்ன?

நியசின் என்பது விற்றமின் பி3. நிக்கோட்டினிக் அமிலம், நிக்கோட்டினமைட் என்ற இரண்டு வடிவங்களுக்கும் பொதுவாக இந்தப் பெயர் பயன்படுகிறது. நிக்கோட்டின் என்ற சொல்லைக் கேட்டதும் புகையிலை நினைவுக்கு வரலாம். இந்த விற்றமின் புகையிலையின் நச்சு அல்ல. அந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நியசின் என்ற புதுப் பெயரைச் சூட்டினார்கள்.

நாம் உண்ணும் சோறும் மீனும் உடலுக்குச் சக்தியாக மாறுவதற்கு என்ஏடி என்ற பொருள் வேண்டும். உடல் அதை நியசினிலிருந்து செய்துகொள்கிறது. உடலில் 400க்கும் மேற்பட்ட நொதிகள் வேலை செய்வதற்கு இது தேவை. தோல், குடல், மூளை ஆகியவை இதன் குறைபாட்டை முதலில் உணர்பவை.

ஆண்களுக்கு நாளொன்றுக்கு 16 மில்லிகிராமும் பெண்களுக்கு 14 மில்லிகிராமும் கர்ப்பிணிகளுக்கு 18 மில்லிகிராமும் போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. இது முழுவதும் நியசினாகவே வர வேண்டியதில்லை. பால், முட்டை, இறைச்சி, மீன், பருப்பு போன்றவற்றின் புரதத்தில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஏறக்குறைய 60 மில்லிகிராம் டிரிப்டோபானிலிருந்து உடல் 1 மில்லிகிராம் நியசினைத் தானே செய்துகொள்ளும். ஆகவே புரதம் போதுமான அளவு கிடைக்கும் வீட்டில் நியசின் குறைவது அரிது. புரதமும் இல்லை, உண்ணும் தானியமும் ஒன்றே ஒன்று என்ற நிலை வரும்போதுதான் ஆபத்து.

ஏழைகளின் நோய்

அந்த ஆபத்தின் பெயர் பெலாக்ரா. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்ற வைத்தியர் ஏழை விவசாயிகளிடம் இந்த நோயைக் கண்டார். வெயில் படும் கைகளிலும் கழுத்திலும் தோல் கறுத்து, தடித்து, வெடிக்கும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் வரும் அந்த அடையாளத்துக்கு இன்றும் அவருடைய பெயரே வழங்குகிறது. பிறகு வயிற்றுப்போக்கு வரும். அதற்குப் பிறகு நித்திரையின்மை, மனச்சோர்வு, குழப்பம், புத்தி தடுமாற்றம். கவனிக்காமல் விட்டால் மரணம்.

இந்த நோய் சோளம் போன இடமெல்லாம் போனது. இங்கே நான் சொல்வது கதிராகச் சுட்டுத் தின்னும், நாங்கள் சோளன் என்றும் சொல்லும் தானியத்தை. அதில் நியசின் இருக்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. டிரிப்டோபானும் குறைவு. சோளத்தின் தாயகமான மெக்சிக்கோவில் பூர்வகுடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் அவித்துத்தான் அரைப்பார்கள். அப்படி அவிக்கும்போது பிணைந்த நியசின் விடுபடும். ஐரோப்பியர்கள் தானியத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பில் அவிக்கும் முறையைக் கொண்டுபோகவில்லை.

20ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சுமார் 30 இலட்சம் பேர் பெலாக்ராவால் பாதிக்கப்பட்டார்கள். ஏறக்குறைய 1 இலட்சம் பேர் இறந்தார்கள். இது தொற்றுநோய் என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். 1914இல் அரசு அனுப்பிய வைத்தியர் ஜோசப் கோல்ட்பேர்கர் வேறொன்றைக் கவனித்தார். மனநோய் விடுதிகளிலும் அநாதை இல்லங்களிலும் உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது, அவர்களைத் தொட்டுப் பராமரிக்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை. தொற்றுநோய் அப்படி ஆள் பார்த்து வராது. சாப்பாட்டில்தான் வித்தியாசம் இருந்தது.

அவர் அநாதை இல்லப் பிள்ளைகளுக்குப் பால், முட்டை, இறைச்சி கொடுத்தார். நோய் மறைந்தது. 1915இல் மிசிசிப்பி மாநிலத்தில் விடுதலை தருவதாகச் சொல்லி 11 சிறைக் கைதிகளுக்குச் சோளத்தை முதன்மையாகக் கொண்ட உணவை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். 6 பேருக்குப் பெலாக்ரா வந்தது. இன்றைய மருத்துவ அறம் ஏற்காத பரிசோதனை அது. ஆனாலும் தொற்றுநோய் என்று சொன்னவர்கள் ஓயவில்லை. அதனால் 1916இல் கோல்ட்பேர்கரும் அவருடைய மனைவியும் சக வைத்தியர்களும் நோயாளிகளின் இரத்தத்தைத் தமது உடலில் ஏற்றிக்கொண்டார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை.

காரணம் வறுமை என்று தெரிந்த பிறகும் அதை ஒப்புக்கொள்ள அரசியல் இடம் தரவில்லை. எங்கள் பகுதியில் பட்டினி இல்லை, எங்களை அவமானப்படுத்துகிறார்கள் என்று 1921இல் தென்மாநிலத் தலைவர்கள் கோபப்பட்டார்கள். பட்டினி கிடந்தவர்களைப் பார்த்து "அங்கே பட்டினி இல்லை" என்று அதிகாரத்தில் உள்ளவர்கள் சொன்னதைக் கேட்ட மக்கள் நாங்கள். எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கோல்ட்பேர்கர் 1929இல் இறந்தார். அவர் தேடிய சத்து நிக்கோட்டினிக் அமிலம்தான் என்பதை 1937இல் கொன்ராட் எல்வேஜெம் கண்டுபிடித்தார். 1940களில் அமெரிக்காவில் கோதுமை மாவோடு நியசின் சேர்க்கத் தொடங்கிய பிறகு அந்த நோய் அங்கே அருகிப்போனது.

நிவாரணப் பையில் இல்லாமற்போன கச்சான்

பெலாக்ரா அத்தோடு முடிந்துவிடவில்லை. போர் நடந்த இடங்களில் அது திரும்பி வந்தது.

மொசாம்பிக் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இலட்சக்கணக்கான மக்கள் அயல் நாடான மலாவியில் அகதிகளாகத் தங்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்த நிவாரணத்தில் பெரும்பகுதி சோளம். அந்த நிவாரணத்தில் நியசினுக்கு முக்கிய மூலமாக இருந்தது கச்சான். 1989இல் கச்சான் வழங்கல் தடைப்பட்டது. அந்த ஆண்டே பெலாக்ரா தலைகாட்டியது. 1990இல் ஏறக்குறைய 18,000 பேருக்கு அது பரவலாக வந்தது. ஆண்களைவிடப் பெண்களே பல மடங்கு கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். தொடர்ந்து கச்சான் சாப்பிட்டவர்களுக்கும் சிறு தோட்டம் வைத்திருந்தவர்களுக்கும் நோய் வருவது குறைவாக இருந்தது. அங்கோலாவில் போரால் முற்றுகையிடப்பட்டிருந்த குயிட்டோ நகரத்திலும் 1999, 2000 காலப்பகுதியில் பெலாக்ரா வந்தது.

நிவாரணப் பையில் எத்தனை கிலோ இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் வழமையாகக் கணக்கிடுவோம். எத்தனை வகை இருக்கிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கும் என்பதை மலாவி முகாம்கள் காட்டின. அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று வரிசையில் நின்று வாங்கிச் சமைத்த எங்கள் சனத்துக்கு அந்தப் பையில் பருப்பு இருந்ததன் பெறுமதி இப்போது விளங்கலாம்.

எங்கள் சாப்பாட்டில் நியசின்

அரிசியைப் பொறுத்தவரை நிலைமை சோளத்தைவிட நல்லது. அரிசியில் உள்ள நியசினை உடல் எடுத்துக்கொள்ளும். ஆனால் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 1.6 மில்லிகிராம்தான் மிஞ்சும். மீதி தவிட்டோடு போய்விடும். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கும். அதனால் புழுங்கலரிசியிலும் தவிடு போகாத சிவப்பரிசியிலும் நியசின் கணிசமாகக் கூட. நெல் அவித்துக் குத்திய எங்கள் ஆச்சிமாருக்கு விற்றமினின் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் அந்தச் சோறு அதைக் கொடுத்தது.

மீன்களில் சூரை நியசின் நிறைந்தது. 100 கிராம் சூரையில் சுமார் 15 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஒரு நாளின் தேவை ஏறக்குறைய முழுவதும் அதிலேயே வந்துவிடும். 100 கிராம் கச்சானில் சுமார் 12 மில்லிகிராம். ஒரு கைபிடி கச்சான் 3, 4 மில்லிகிராம் தரும். கோழி இறைச்சியிலும் ஈரலிலும் நிறைய இருக்கிறது. முட்டையில் நியசின் மிகக் குறைவு, ஆனால் அதிலுள்ள டிரிப்டோபான் அந்தக் குறையை ஈடுசெய்யும். பருப்பு, பயறு, கடலை ஆகியவையும் அப்படித்தான். மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழ் இந்தக் கணக்கில் நல்ல சாப்பாடு.

தாய் சேய் நிலையங்களில் வழங்கும் திரிபோஷாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதன் அடிப்படை சோளம்தான். ஆனால் சோயாவும் சேர்ப்பதால் புரதம் கூடுகிறது. விற்றமின்களும் கனியுப்புகளும் அதில் சேர்க்கப்படுகின்றன. கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் என்று தருவதை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடாமல் உரியவருக்கே கொடுப்பது நல்லது.

கொலஸ்ரோலுக்கு நியசின்?

1955இல் கனடாவில் ஆய்வாளர்கள் ஒரு விடயத்தைக் கண்டார்கள். நிக்கோட்டினிக் அமிலத்தைக் கிராம் கணக்கில் கொடுத்தால் இரத்தத்தில் கொலஸ்ரோல் குறைகிறது. அன்றிலிருந்து பல ஆண்டுகள் வைத்தியர்களே அதை மருந்தாக எழுதினார்கள். ஸ்ராற்றின் மருந்துகள் வருவதற்கு முன்னர் வேறு தெரிவுகள் குறைவு. இன்று பொதியில் வரும் போத்தலுக்குப் பின்னால் இருப்பது அந்தப் பழைய பெயர்தான்.

பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. ஸ்ராற்றின் எடுக்கும் 3,414 நோயாளிகளை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு, நியசினால் மேலதிக நன்மை இல்லை என்று தெரிந்ததால் 2011இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. பிரித்தானியா, ஸ்கண்டிநேவிய நாடுகள், சீனா ஆகியவற்றில் 25,673 பேரைச் சேர்த்து நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. அதில் நியசினோடு, எரிவைக் குறைக்கும் இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. கொலஸ்ரோல் அளவு குறைந்தது உண்மை. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லும்படியாகக் குறையவில்லை. மாறாக, ஏற்கனவே நீரிழிவு இருந்தவர்களில் சீனி கட்டுப்பாடு கடுமையாகக் குழம்புவது 55 சதவீதம் கூடியது. புதிதாக நீரிழிவு வருவதும் 32 சதவீதம் கூடியது. இரத்தக் கசிவும் தொற்றுகளும் கூடின. 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், ஸ்ராற்றினோடு சேர்த்து நியசின் கொடுப்பதற்கான அனுமதியை விலக்கிக்கொண்டது.

வீட்டுக்கு வீடு சீனி வருத்தம் இருக்கும் எங்கள் ஊர்களில் இந்தத் தகவல் மிக முக்கியமானது. அரசாங்க கிளினிக்கில் இலவசமாகத் தரும் ஸ்ராற்றின் குளிசையை நிறுத்திவிட்டு வெளிநாட்டு நியசினுக்கு மாறுவது, பயன் நிரூபிக்கப்பட்ட மருந்தை விட்டு நிரூபிக்கப்படாத ஒன்றைப் பிடிப்பதாகும். இரண்டையும் கேட்காமல் சேர்த்துப் போட்டால் ஈரலுக்கும் தசைகளுக்கும் பாதிப்பு வரலாம்.

அந்த எரிவு ஏன்?

நிக்கோட்டினிக் அமிலம் சுமார் 30 மில்லிகிராமைத் தாண்டும்போதே சிலருக்குத் தோலின் சிறு இரத்தக் குழாய்கள் விரியத் தொடங்கும். முகம் சிவந்து, எரிந்து, கடிக்கும். இது பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்தில் தணியும். ஆனால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழவும் கூடும். பிரஷர் குளிசை போடும் வயதானவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மூச்சு முட்டினாலோ, உதடு வீங்கினாலோ, நெஞ்சு நோ வந்தாலோ நியசின் எரிவுதான் என்று வீட்டில் இருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எரிவு வராமல் மெதுவாகக் கரையும் குளிசைகளும் விற்பனைக்கு உண்டு. எரிவு இல்லை என்பதற்காக அவை பாதுகாப்பானவை என்று நினைக்கக் கூடாது. மெதுவாகக் கரையும் வகைகளிலேயே ஈரல் பாதிப்பு கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. கண் மஞ்சளாதல், சிறுநீர் கடும் நிறமாதல், ஓங்காளம், காரணமற்ற களைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள்.

நிக்கோட்டினமைட் வடிவத்தில் இந்த எரிவு வராது. அது கொலஸ்ரோலையும் குறைக்காது. போத்தலில் எந்த வடிவம் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்குபவர்கள் நினைத்த பலனும் இல்லாமல் காசைச் செலவழிக்கிறார்கள்.

மனக்காயத்துக்கு நியசின்?

இணையக் காணொளிகள் மூலம் பரவும் இன்னொரு கதையும் உண்டு. மனச்சோர்வு, பதற்றம், நித்திரையின்மை எல்லாவற்றுக்கும் நியசின் மருந்து என்பது அது. உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுபவர்களும் வாழும் ஊர்களில் இந்தக் கதைக்குக் காது கொடுப்பவர்கள் நிறைய. ஆகவே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பெலாக்ராவால் புத்தி தடுமாறியவர்கள் நியசின் கொடுத்ததும் தேறியது உண்மை. அதை அடிப்படையாக வைத்து, 1950களில் கனடாவில் ஏப்ராம் ஹொபர், ஹம்ப்ரி ஒஸ்மண்ட் என்ற மனநல வைத்தியர்கள் மனச்சிதைவு நோய்க்கும் பெரிய அளவில் நியசின் கொடுக்கலாம் என்றார்கள். பின்னர் மற்றவர்கள் கவனமாகச் செய்த பரிசோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் குழுவும் அந்தச் சிகிச்சையை ஏற்கவில்லை. நியசின் குறைவால் வந்த மனக் குழப்பத்தை நியசின் மாற்றும். இழப்பாலும் போராலும் வந்த மனக்காயத்தை அது மாற்றாது. அதற்கு மனநலப் பிரிவின் உதவி வேண்டும். ஆதார வைத்தியசாலைகளிலும் மாவட்ட வைத்தியசாலைகளிலும் கேட்டால் வழிகாட்டுவார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

உண்மையில் யாருக்குத் தேவை?

நியசின் குறைபாடு இன்று எங்கும் இல்லை என்று சொல்ல முடியாது. நீண்டகாலமாகக் கடுமையாகக் குடிப்பவர்கள் முதல் வரிசையில் இருக்கிறார்கள். கசிப்பும் சாராயமும் பசியைக் கெடுக்கும், குடல் சத்தை எடுப்பதையும் கெடுக்கும். காச நோய்க்குத் தரும் ஐசோனியாசிட் என்ற மருந்து விற்றமின் பி6ஐக் குறைப்பதால், டிரிப்டோபான் நியசினாக மாறுவது சிலருக்குத் தடைப்படும். இதற்காகக் காச நோய்க் குளிசையை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. சாப்பாட்டைக் கவனித்து, தோல் மாற்றம் தெரிந்தால் மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சொல்ல வேண்டும். தனித்து வாழும் முதியவர்கள் பாணும் பிளேன் ரீயுமாக நாட்களைக் கழிப்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று.

வெயில் படும் இடங்களில் இரு பக்கமும் ஒரே மாதிரித் தோல் கறுத்து வெடித்து, அதோடு வயிற்றுப்போக்கும் மனக் குழப்பமும் இருந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். பெலாக்ரா என்று உறுதியானால் சிகிச்சை சுலபமானது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் நிக்கோட்டினமைட்டைப் பிரித்து 3, 4 வாரங்களுக்குக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அங்கே பெரிய அளவு சரியானது. ஏனென்றால் நோய் தெரியும், காலமும் தெரியும், பார்ப்பதற்கு வைத்தியர் இருக்கிறார்.

போத்தல் ஏற்கனவே வீட்டில் இருந்தால்

முதலில் ஒரு குளிசையில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். குளிசையாக எடுக்கும் நியசின் நாளொன்றுக்கு 35 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவின் பொது எல்லை. நிக்கோட்டினிக் அமிலத்துக்கு ஐரோப்பா வைத்திருக்கும் எல்லை 10 மில்லிகிராம். பல விற்றமின்கள் சேர்ந்த சாதாரணக் குளிசையில் இருக்கும் 15, 20 மில்லிகிராமால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது. 250, 500, 1000 என்று இருந்தால் அது மருந்து. வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

நீரிழிவு, ஈரல் நோய், வயிற்றுப் புண், வாத இரத்தம் என்று சொல்லும் கவுட் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பெரிய அளவு நியசினைத் தவிர்க்க வேண்டும். ஏற்கனவே பல மாதங்களாகப் போடுபவர்கள் அடுத்த கிளினிக் நாளில் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். "வெளிநாட்டுக் குளிசை" என்று சொன்னால் வைத்தியருக்கு விளங்காது. போத்தலைப் பார்த்தால் விளங்கும், தேவை என்றால் ஈரலுக்கும் சீனிக்கும் இரத்தம் சோதிக்கச் சொல்வார்.

பொதி அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அடுத்த முறை விற்றமின் வாங்குவதற்கு முன்னர் அம்மாவின் கிளினிக் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் ஏற்கனவே என்ன மருந்து போடுகிறார், சீனி எவ்வளவு, ஈரல் எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு, இந்தக் கிழமை மீன் வாங்கினாரா, மத்தியானம் என்ன கறி என்றும் கேளுங்கள். நியசின் போதுமா இல்லையா என்பதற்கான பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.